வளைகுடா என்பது ஒரே நாடு அல்ல
(முன்னாள் மாணவர் சந்திப்பில் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பன்னிரண்டு வருஷமாக வளைகுடாவில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். உங்களில் பலரும் அங்கே வரப்போகிறீர்கள். "சம்பளம் எவ்வளவு அண்ணே, ரூம் வாடகை எவ்வளவு?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது எப்படிப்பட்ட இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

நாம் ஒரே வார்த்தையில் 'கல்ஃப்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் சவுதி அரேபியா, குவைத், பஹ்ரைன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் என ஆறு நாடுகள். 1981-ல் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஆனால் சட்டமும் ஆட்சிமுறையும் ஆறுக்கும் தனித்தனி.

எண்ணெய்க்கு முன்னால் அந்தக் கரைக்குச் சோறு போட்டது முத்துக்குளிப்பு. முத்துகள் பம்பாய்ச் சந்தைக்கு வந்தன. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. 1932-ல் பஹ்ரைனிலும், 1938-ல் குவைத்திலும் சவுதியிலும் எண்ணெய் கிடைத்தது. அபுதாபிக்கு அந்த அதிர்ஷ்டம் 1958-ல்தான் வந்தது. இன்னொரு விஷயம்: அந்தக் கரையோர நாடுகள் பலவற்றில் புழங்கியது நம்ம ரூபாய். 1959-ல் ரிசர்வ் வங்கி அவர்களுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது மீதமிருந்தவர்களும் கைவிடத் தொடங்கினார்கள்.

குவைத் 1961-லேயே பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டது. பஹ்ரைனும் கத்தாரும் 1971-ல் விடுபட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ஆறு அமீரகங்கள் ஒன்றாகின. ராஸ் அல் கைமா 1972-ல் ஏழாவதாகச் சேர்ந்தது. குவைத்தில் தேர்தலும் நாடாளுமன்றமும் இருந்தன. 2024 மே மாதம் அமீர் அதைக் கலைத்தார். எல்லா இடத்திலும் மன்னராட்சிதான். ஆனால் ஒரே அச்சில் வார்த்ததல்ல.

எலெக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு ஓர் உதாரணம். ஆறு நாடுகளையும் ஒரே மின்தொடர் இணைக்கிறது. ஆனால் சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மற்ற ஐந்திலும் 50. அதனால் அல்-பாதிலி என்ற இடத்தில் நேர்மின்சாரமாக மாற்றி, திரும்பவும் மாறுமின்சாரமாக்கி அனுப்புகிறார்கள். அவர்கள் அரசியலும் ஏறக்குறைய இப்படித்தான். 2017-ல் சவுதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் எகிப்துடன் சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்தன. எல்லையை மூடினார்கள், விமானத்தை நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில்தான் சமாதானம். அத்தனை சண்டைக்கு நடுவிலும் கத்தாரின் எரிவாயு கடலடிக் குழாய் வழியே அமீரகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

சமுதாயமும் வேறு வேறு. கத்தாரிலும் அமீரகத்திலும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். சவுதியிலும் ஓமனிலும் சொந்த நாட்டவரே அதிகம். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை இடம் என்று சட்டமே இருக்கிறது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்கலாம். சொல்கிறேன். அங்கே நீங்கள் சைட் இன்ஜினியர். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இராமநாதபுரத்துக் கொத்தனாரோ நேபாளத்துக் கம்பி கட்டுபவரோ சாரத்தில் ஏறுவார். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அமீரகத்தில் ஜூன் 15 முதல், பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை. ஒரு நாட்டுச் சட்டத்தை வைத்து இன்னொரு நாட்டில் கான்கிரீட் அட்டவணை போட்டால், அதன் பலன் அந்த மனிதரின் உடம்பில் தெரியும். அவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே மாதிரி, 2020 முதல் கத்தாரில் பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம். இதுவும் பலருக்குத் தெரியாது. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் அந்த நாட்டின் தொழிலாளர் சட்டத்தையும் ஒருமுறை படியுங்கள். சரித்திரம் ஓர் ஐம்பது பக்கமாவது படியுங்கள். அரபியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு வைப்போம். ஆறு நாட்டிலும் நம்மவர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மணி நேரம் பேசினால் போதும். முதல் மணி நேரத்துக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.