ஜென்சன் துரையும் ஆறுமுகம் பிள்ளையும்



இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் எமக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நகைக்கலாம். தம்பானூரில் வண்டியிறங்கி இந்நகரிற் குடியேறிய நாள்முதல், ஓய்வு நாள்களில் அருங்காட்சியகத் தோட்டத்து ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தைச் சுற்றிவரும் பழக்கமே எம் உரிமை. 1935-இல் திறக்கப்பெற்ற அக்கூடத்தில் இரவிவர்மாவின் படங்களைக் காணுந்தோறும், அவருக்கு எண்ணெய் வண்ணம் எவ்வாறு கைவந்தது என்னும் வினா எம்முள் எழும்.

ஆங்கில உருவப்பட ஓவியர் நம் நாட்டு அரசவைகளைத் தேடி வருதல் பழைய வழக்கம். 1769-இலேயே டில்லி கெட்டில் என்பார் சென்னைக்கு வந்து ஆர்க்காட்டு நவாபை வரைந்தார். அவ்வழியில் 1868-இல் திருவனந்தபுரம் வந்தவர் தியோடர் ஜென்சன். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அவையில் அவர் உருவப்படம் தீட்டினார். கிளிமானூர் இளைஞர் இரவிவர்மாவுக்கு அப்போது அகவை 20. மகாராஜா கேட்டுக்கொண்டும் ஜென்சன் கற்பிக்க இசைந்திலர். தாம் வரைகையில் அருகிருந்து பார்க்க மட்டும் விட்டார்.

பார்த்தலால் எவ்வளவு கிட்டும்? நீர்வண்ணம் தீட்டியவுடன் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வண்ணமோ நாட்கணக்கில் ஈரமாயிருக்கும். ஆதலின் நிழலையும் ஒளியையும் ஒன்றனுள் ஒன்று கரைத்துக் கன்னத்தின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் காட்ட இயலும். எதனோடு எதைக் கலப்பது, எண்ணெய் எத்துணை, எது உலர்ந்தபின் எதைத் தீட்டுவது என்பன கைப்பழக்கம். கண்ணுக்கு முழுதும் அகப்படா.

அரண்மனையில் அவ்வித்தை அறிந்திருந்த இராமசாமி நாயுடுவோ, போட்டிக்கு அஞ்சிக் கற்பிக்க மறுத்தார். (மூத்தார் பேரேட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுதலை எம்மனைய எழுத்தர் நன்கறிவர்!) அந்நிலையில் நாயுடுவின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல் இரவிவர்மாவிடம் சென்று, தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். ஆசிரியருக்குத் தெரிந்தால் பிழைப்பே போயிருக்கும்.

1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கையின் படம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. அவ்வாண்டே வியன்னாவிலும் பரிசு கிடைத்தது. இன்று நூல்கள் பலவற்றில் இரவிவர்மாவின் ஆசிரியர் என்று ஜென்சன் பெயரே நிற்கின்றது. அவர்மீது எமக்குப் பகையில்லை. பார்க்க விட்டதும் ஒரு கொடையே. ஆனால் ஆறுமுகம் பிள்ளை தீட்டிய படம் ஒன்றேனும் அக்கூடத்தில் எம் கண்ணிற் பட்டதில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் சிறார்க்கு நடத்தும் ஓவியப் போட்டியின் முதற்பரிசுக்கு அவர் பெயரை இடவேண்டுமென்று இப்பேரவையை வேண்டி அமர்கின்றோம்.