நம் தெருவைத் தாண்டிப் போகவிடாதீர்கள்

(விருத்தாசலம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பீங்கான் பொம்மைக்கு வண்ணம் அடித்த கையைக் கழுவிவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தங்கைகளே!

2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கை 2027 பிப்ரவரியில் எடுக்கப் போகிறார்கள். கேட்டால் கொரோனா என்றார்கள். கொரோனா போன பிறகு எத்தனை தேர்தல் நடந்தது! ஓட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ண நேரமில்லை. போகட்டும், இப்போதாவது வருகிறார்கள். அவர்கள் வருகிற அன்றைக்கு நாம் எங்கே இருப்போம்?

பிப்ரவரியில் கரும்பு வெட்டு. செங்கல் சூளை. நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். கணக்கெடுக்க வரும் டீச்சர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க வெளியூரில் இருக்கிறவர்கள் சூளையிலேயே பெயரைச் சொல்லி எழுதவைக்க வேண்டும். முதலாளி கேட்டைத் திறக்கமாட்டார் என்றால், நாம்தான் போய்த் திறக்கவைக்க வேண்டும். சூளைகளில் வேலை செய்யும் இருளர் குடும்பங்கள்தான் இதில் அதிகம் விடுபடும் என்பது என் கவலை.

"ஒரு தலை குறைந்தால் என்ன அண்ணே?" என்கிறான் ஒரு தம்பி. தம்பி, பக்கத்துத் திட்டக்குடி தனித்தொகுதி. காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதி. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியும் அப்படித்தான். இதெல்லாம் எவர் வீட்டுத் தர்மமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 330, 332-ஆம் பிரிவுகள் பட்டியல் சாதியினராகிய நம் தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கின்றன. 2008-இல் எல்லை பிரித்தபோது கையில் வைத்திருந்தது 2001-இன் கணக்கு. அதில் வந்ததுதான் சட்டமன்றத்தின் 234-இல் நமக்கு 44.

2011-இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சம். நூற்றுக்கு 20. கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29. வேலையிலும் படிப்பிலும் இடஒதுக்கீடு எவ்வளவு? அருந்ததியருக்கான 3-ஐயும் சேர்த்து 18! எண்ணிவைத்த பிறகே இரண்டு குறைகிறது. எண்ணாமலே விட்டால் எவனிடம் போய்க் கேட்பாய்?

விடுபடுவது நம் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் விடுபட்டார்கள். வெள்ளையர் கணக்கோ உள்ளதைவிடக் கூடிப்போனது. நான் சொல்லவில்லை, அந்த நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே சோதித்துச் சொன்னது. அங்கேயும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் சின்னக் குழந்தைகளும் விடுபட்டார்கள். நம் வீட்டில் மட்டும் தொட்டில் பிள்ளையை நினைவாகச் சொல்கிறோமா?

இந்த முறை எல்லாச் சாதியையும் கேட்டு எழுதப் போகிறார்கள். நம்மில் படித்து, நெய்வேலியிலும் சென்னையிலும் வாடகைக்கு இருப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். வீட்டுக்காரன் காதில் விழுந்தால் காலி செய்யச் சொல்வானே என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களை எனக்கும் தெரியும். ஆனால் 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைக் கேளுங்கள். கணக்கெடுப்புப் பதிவேட்டை வேறு எவரும் புரட்டிப் பார்க்க உரிமையில்லை. உரிமையியல் வழக்கில் அதைச் சான்றாகக்கூட நீட்டமுடியாது. கைப்பேசியில் நீங்களே பதிந்துகொள்ளும் வழியும் இம்முறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள், குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்!

1931 கணக்கெடுப்பில், பஞ்சாபில் ஆதி தர்ம இயக்கத் தலைவர் மங்கு ராமின் பின்னால் நின்ற நம் மக்கள், பண்ணையார்களின் மிரட்டலுக்கு நடுவில், "மதத்தை ஆதி தர்மி என்று எழுது" என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் பதிந்தார்கள். மிரட்டலுக்கு நடுவிலேயே அவர்கள் சொன்னார்கள்; நாம் ஏன் தயங்க வேண்டும்?

கடைசியாக ஒரு வேலை. வீடில்லாதவர்களை வழக்கமாக பிப்ரவரி 28 இரவில் எண்ணுவார்கள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில், கோயில் மதிலோரத்தில், மணிமுக்தாற்றங்கரையில் படுத்திருப்பவர்களை டீச்சருக்குக் காட்ட ஆள் வேண்டும். மேடைக்கு இடப்பக்கம் நோட்டு இருக்கிறது. ராத்திரி கண்விழிக்கத் தயாரானவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.