ஆளுக்கு இரண்டு பாலங்கள்

(கொட்டிவாக்கத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

என்ஜினீயர் மைக்கைப் பிடித்தால் பாலம், பீம் என்றுதான் பேசுவான் என்று நினைப்பீர்கள். நானும் பாலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறோமே, நம் பாதங்கள், அவற்றைப் பற்றி!

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வளைவின் இரு முனைகளும் விலகாமல் இழுத்துப் பிடிக்க டை-ராட் வேண்டும் அல்லவா? குதிகாலிலிருந்து விரல்கள் வரை அடியில் ஓடும் நார்ப்பட்டைதான் அது. நடக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கினால் பட்டை இறுகி வளைவு உயரும்; உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கிற மாதிரி. 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார்.

வளைவு தணிந்தால் பட்டை கூடுதலாக இழுபடும். ரொம்ப உயர்ந்திருந்தால் பாரமெல்லாம் குதிகாலிலும் விரல்களின் அடித்திண்டிலும் விழும். ராத்திரி சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் முதல் அடியிலேயே திடீரென இழுபடுவதால்தான் பலருக்குக் குதிகால் 'சுரீர்' என்கிறது. எழுந்திருக்கும் முன் கால் விரல்களைக் கையால் மேலே மடக்கி இழுத்துவிடுங்கள். கெண்டைக்காலையும் நீட்டி விடுங்கள்.

இங்கே கொட்டிவாக்கம் கடற்கரையில் வாக்கிங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலையோர மணல் சரிவானது. மேட்டுப்பக்கத்துப் பாதம் உள்பக்கமாகச் சாய்ந்தே ஊன்றும். குதிகால் வலி உள்ளவர்கள் சமதரையில், நல்ல செருப்போடு நடப்பதே மேல்.

சரி, வலியே இல்லாவிட்டால் நிம்மதிதானே என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வரக் காரணத்தைத் தேடினார். நமக்கு ஓரிடம் வலித்தால், தெரியாமலே காலை மாற்றி ஊன்றுவோம். உணர்ச்சி இழந்தவர் அதே இடத்திலேயே ஆயிரக்கணக்கான முறை மிதிப்பார். நாம் படித்த மெட்டல் ஃபடீக் மாதிரிதான்! மருந்தும் நம் பாடத்திலேயே இருக்கிறது: அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. பாரத்தைப் பரப்பிவிடும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகள் அவர்களைக் காத்தன.

சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போன பாதத்துக்கும் இதே கணக்குத்தான். நம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அத்தகையவர்களுக்கான காலணிகளை வடிவமைத்திருக்கிறது. ஆகவே சர்க்கரை உள்ள நண்பர்களே, தினம் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சின்னக் கொப்புளம் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பாலத்தை இன்ஸ்பெக்ஷன் செய்யாமல் விடுவோமா?