எழுதிக் கொடுங்கள் ஐயா

அவையோரே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் திருநங்கை அக்காமார்களே, தங்கச்சிமார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்று கேட்கும் இளைஞர்களே, பந்தோபஸ்துக்கு வந்து வாசலோரம் நிற்கும் காவல்துறை நண்பர்களே!

கடைசியாகச் சொன்னேனே, அவர்களுக்குத்தான் இன்றைக்குப் பேச்சு அதிகம். கோபித்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் காது கொடுங்கள்.

இன்று ஏப்ரல் 15, திருநங்கையர் நாள். 2008-இல் இதே நாளில்தான் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014-இல் இதே நாளில்தான் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. சரி, மேடை போட்டாயிற்று, சால்வை போர்த்தியாயிற்று. இந்தக் கூட்டம் முடிந்ததும் இதே அக்காமார்கள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் போய் அரூர் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றால் என்ன நடக்கும்?

முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஏய், இந்நேரத்துல இங்க என்ன வேலை?" என்று ஆரம்பிக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறேன் சார் என்றால் நம்ப மாட்டார்கள். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினால், டார்ச் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிடக்கட்டும், உன் பழைய பேரு என்ன?" என்பார்கள். அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த அட்டையை அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவரே நம்பவில்லை! அப்புறம் வண்டியில் ஏற்றுவது, ஸ்டேஷனில் ஓரமாகக் குந்த வைப்பது, வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு வார்த்தை கேலி பேசுவது. விடியும் நேரத்தில் ஒரு பெட்டி கேஸ். அதுவும் இல்லையென்றால், "போ, இனிமே இந்தப் பக்கம் பார்த்தேன்னா தெரியும்" என்று ஒரு விரட்டு.

நண்பர்களே, அந்த ராத்திரிக்கு எங்கேயாவது ஒரு வரி எழுத்து இருக்கிறதா? கைதுக் குறிப்பு கிடையாது. வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் சொன்னதாகப் பதிவு கிடையாது. மறுநாள் புகார் கொடுக்கப் போனால், புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கிடையாது. எழுத்தில் இல்லாத ராத்திரியை நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம். அடிக்கிற கைக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? எழுத மறுக்கிற பேனாவிலிருந்து வருகிறது.

இந்தப் பேனாவின் கதை பழையது. ஒரு காலத்தில் இவர்களைப் பற்றி ஓடி ஓடி எழுதினார்கள். 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தானே, அதன் இரண்டாம் பகுதி முழுக்க இவர்களைப் பற்றித்தான். வட இந்தியாவில் ஊர் ஊராகப் பேர் எழுதி, சொத்து எழுதி, பதிவேடு வைத்தார்கள். அந்தப் பதிவேட்டில் பேர் ஏறியவர் பெண் உடையில் தெருவில் நடந்தால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு ஆண்டு வரை சிறையில் போடலாம். நிஜாம் ஆட்சியிலும் அதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல 2023 வரை ஆனது. நம் ஓசூரைத் தாண்டினால் வருகிற கர்நாடகத்தில், 2011-இல் போலீஸ் சட்டத்திலேயே ஒரு பிரிவைப் புதிதாகச் செருகி, இவர்களுக்கு மறுபடியும் பதிவேடு வைக்கப் பார்த்தார்கள். எதிர்த்துப் போராடித்தான் அதை மாற்ற வைத்தார்கள். இவர்களைக் குற்றவாளி என்று எழுத எப்போதும் மை இருந்திருக்கிறது. புகார்தாரர் என்று எழுதத்தான் மை வற்றிப் போகிறது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? சென்னை வியாசர்பாடியில் 2006-இல் ஒரு திருட்டு வழக்கு. சந்தேகத்தின் பேரில் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது அரவாணி என்று சொல்வோமே, அவர்களில் ஒருவர். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாலியல் கொடுமை செய்தார்கள். கடைசியில் அந்த ஜீவன் ஸ்டேஷன் வளாகத்திலேயே தன்மேல் தீ வைத்துக்கொண்டது. அவருடைய சகோதரி உயர் நீதிமன்றம் போனார். ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு என்று அந்த வழக்குக்குப் பெயர். 2007-இல் தீர்ப்பு வந்தது. குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு என்றது நீதிமன்றம். உயிர் இருக்கும்போது பதிவாகாத புகார், உயிர் போன பிறகு தீர்ப்பாகப் பதிவானது.

இது சென்னைக் கதை, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், ஐயா, நாம் உட்கார்ந்திருப்பது தர்மபுரி மாவட்டம். வாச்சாத்தி நம் அரூர் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களை என்ன பாடு படுத்தினார்கள்! பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் விடாமல் நீதிமன்றப் படியேறி, உயர் நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. விசாரணை வந்து, ஒவ்வொன்றும் எழுத்தில் ஏறிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் வழக்கு முடிவதற்குள் செத்துப் போனார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று நம் தர்மபுரி நீதிமன்றம்தான் சொன்னது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காக்கிச் சட்டை செய்தாலும் குற்றம் குற்றமே என்று நாட்டுக்கே எழுதிக் காட்டிய ஊர் இது. வாச்சாத்திக்காக வாய் திறந்த தர்மபுரி, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற திருநங்கைக்காக வாய் திறக்கக் கூடாதா?

இதே தர்மபுரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் பக்கத்து சேலத்துப் பிள்ளை பிரித்திகா யாஷினி. எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பம் போட்டார். படிவத்தில் ஆண், பெண் இரண்டே கட்டம். அவருக்குக் கட்டமே இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்குப் போட்டார். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடி சொச்சம் பிந்தினார் என்று அதையும் காரணமாகக் காட்டினார்கள். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குப் பணி கொடுக்கச் சொன்னது. பயிற்சி முடித்து 2017 ஏப்ரலில் அவர் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றது எங்கே? இந்தத் தர்மபுரியில். இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ. தோளில் நட்சத்திரத்தோடு வந்து நின்ற மண் இது.

ஆனால் ஒரு நட்சத்திரத்தால் ஒரு துறை வெளுத்துவிடாது. 2023-இல் கோவையில் ஒரு திருநங்கைக் காவலர், மேலதிகாரி கேலி செய்கிறார், தாங்க முடியவில்லை என்று புகார் சொல்லி ராஜினாமாக் கடிதம் நீட்டினார். சீருடை போட்டவருக்கே இந்தக் கதி என்றால், சேலை கட்டிக் கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவருக்கு என்ன கதி?

இந்த இடத்தில் உங்களில் சிலர் மனசுக்குள் ஒன்று கேட்பீர்கள். "சுங்கச்சாவடியில, ரயில்ல வழிமறிச்சுக் காசு கேக்குறாங்களே, அது மட்டும் சரியா?" நியாயமான கேள்வி. யாராவது மிரட்டிப் பணம் பறித்தால் வழக்குப் போடுங்கள். பேர் எழுதி, சாட்சி எழுதி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துங்கள். யார் வேண்டாம் என்றது? சட்டப்படி வழக்குப் போடுவது போலீஸ் வேலை. ஒருத்தி செய்ததற்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய் லத்தியால் அடிப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆம்பளைகளில் திருடன் இருக்கிறான் என்று இந்த அரங்கில் இருக்கிற ஆம்பளைகளையெல்லாம் ஜீப்பில் ஏற்றினால் சும்மா இருப்பீர்களா?

சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்டவர்களின் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல்கள் தந்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது. திருநங்கையர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. மீறினால் துறை நடவடிக்கை. 2020-இல் வந்த மத்திய அரசு விதிகள், மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் பொறுப்பில் திருநர் பாதுகாப்புப் பிரிவு வேண்டும் என்கின்றன. குறையே இல்லையா? இருக்கிறது. 2019 சட்டத்தை இயற்றியபோது, திருநங்கைக்குப் பாலியல் கொடுமை செய்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று எழுதினார்கள். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. இந்த உடம்பு வேறு, அந்த உடம்பு வேறா? அதை மாற்றக் கேட்டுப் போராடுவோம். அதுவரை இருக்கிற சட்டத்தையாவது ஸ்டேஷன் வாசற்படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோவோம்.

அதற்கு நான் கேட்பது நான்கே நான்கு. இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் 24-சி விதியைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். திருநங்கை கொண்டுவரும் புகாருக்கு அந்த இடத்திலேயே சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்கள். விசாரணைக்கு அழைத்தால் எழுத்தில் அழையுங்கள்; சோதனை போடுவதானால் பெண் காவலர் போடட்டும். பாதுகாப்புப் பிரிவின் தொலைபேசி எண்ணைப் பஸ் ஸ்டாண்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.

அக்காமார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்டேஷனில் ரசீது தரவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்புங்கள், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் போதும். தனியாகப் போகாதீர்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

அந்தத் துணை யார்? இந்த அரங்கில் இருக்கிற நாம்தான். ராத்திரி ஜீப் பக்கத்தில் ஒரு திருநங்கை தனியாக நிற்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். சண்டை போட வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். "என்ன விஷயம் சார், எதுவானாலும் எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரியிலிருந்தே கேட்க ஆரம்பியுங்கள்.