பிள்ளையைக் குறை சொல்லுமுன் கிட்டாரைப் பாருங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கிளாசிகல் கிட்டார் பத்திப் பத்து நிமிஷம் பேசு, வாசிக்க வேண்டாம்" என்று விழாக்குழு உத்தரவு. குழுவில் இருப்பவர்கள் ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரர்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு!

நம்மில் பலர் வீட்டுப் பரணில் பிள்ளைக்கென்று வாங்கிய கிட்டார் ஒன்று இருக்கும். கேட்டால், "ஆறு மாசம் போனான், வரலை, விட்டுட்டான்" என்போம். பிள்ளைக்கு வரவில்லையா, கிட்டார் வரவிடவில்லையா? அதை அளந்தே பார்த்துவிடலாம்.

ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? தடித்த ஆறாவது தந்திக்குச் சுமார் 4 மி.மீ., மெல்லிய முதல் தந்திக்குச் சுமார் 3 மி.மீ. இருந்தால் சரி. 6 மி.மீ. இருந்தால் நமக்கே விரல் நோகும். பத்து வயசுப் பிள்ளை என்ன பண்ணும்? பிரிட்ஜில் நிற்கும் சாடில் என்ற வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்த்தால் உயரம் இறங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. இறங்க இங்கே 2 மி.மீ. தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். தேய்த்தது திரும்பி வராது.

அடுத்து, அதில் ஸ்டீல் தந்தி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கிட்டாருக்கு இன்றைய வடிவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892). அவர் காலத்தில் குடல் தந்தி. 1940-களில்தான் நைலான் வந்தது. மேல்பலகை இரண்டு, இரண்டரை மி.மீ. கனம்தான்; உள்ளே விசிறிபோல் விரியும் மெல்லிய சட்டங்கள்; பிரிட்ஜை நிறுத்தி வைத்திருப்பது வெறும் பசை. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் என்றால் 70 கிலோவைத் தாண்டும். மாட்டுவண்டிக்குக் கட்டிய பாலத்தில் லாரி விட்டால் என்ன ஆகும்? கழுத்து வளையும், பலகை உப்பும், ஒருநாள் பிரிட்ஜே பிய்த்துக்கொண்டு வரும். அதனால் நைலான் மட்டும்தான்.

மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 45–55 சதவீதம் இருந்தால் அதற்குச் சுகம். நம் கடற்கரை ஊர்களில் அது நடக்காது. திடீர் மாற்றத்தையாவது தவிர்க்கலாம். ஏ.சி. காற்று நேரே படும் இடம் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் விடவே கூடாது, பசை இளகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய், மேஜை பாலிஷ் எதுவும் வேண்டாம்.

சுருதி சேர்க்கும்போது தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, கீழிருந்து மேலே ஏற்றுங்கள். முறுக்காணிப் பல்சக்கரத்தின் லூஸ் அப்போதுதான் பிடிபடும். மெக்கானிக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டாம்! புது நைலான் நாலைந்து நாள் இளகிக்கொண்டே இருக்கும். தந்தி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வாசிக்கும்போது இடதுகாலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, கிட்டாரை இடது தொடையில் வையுங்கள். இடதுகை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வைத்தால் பாதிப் பலம் போதும். தினம் பதினைந்து நிமிஷம் வாசிப்பது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட மேல்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள், நீங்கள் வாசிக்கலாம். முப்பத்தைந்து ஒன்றும் வயசில்லை.