கைதுக் குறிப்பில் ஒரு கையெழுத்து

லாக்கப் மரணங்கள் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி, மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்கானது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில்! (வழக்கு என்றால் அப்படித்தானே?)

அதன்படி, கைது செய்யும்போதே தேதி, நேரத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். வீட்டாரில் ஒருவரோ, அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போயாக வேண்டும்.

பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு.

விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்கக் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.