வலியில் துடிப்பவரிடம் பொறுமையை மட்டும் போதிப்பதா?



நம் களமருதூர் ஜமாஅத்தில் ஒரு பெரியவர். நீண்டகாலச் சர்க்கரை நோயால் அவருடைய கால் நரம்புகள் பழுதடைந்துவிட்டன. இரவெல்லாம் நெருப்பை மிதித்தாற்போன்ற எரிச்சல். மருந்துக்காக நகரத்துக்குச் சென்றால் பத்து நாள் மாத்திரை. தீர்ந்ததும் மீண்டும் அலைச்சல். நாமோ, "ஸப்ரு செய்யுங்கள்" என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். நானும் அவ்வாறே கூறினேன்; அதற்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன்.

ஸப்ருக்கு இலக்கணமான ஐயூப் (அலை) அவர்களே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே, மருந்து தேடுவது ஸப்ருக்கு முரணன்று.

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் பயன்தரா. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகேபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் சிறிது சிறிதாக அளவு கூட்டித் தருவார். பலன் தெரியச் சில வாரங்களாகும்; தாமாக நிறுத்தலாகாது.

போதை குறித்த அச்சமும் ஒரு தடை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் புற்றுநோயாளிக்கும் மார்ஃபின் அரிதாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சேவை தொடங்கிய மருத்துவர்கள் அந்நிலையை மாற்றப் பாடுபட்டனர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம விதிகள் எளிதாயின. மருத்துவர் அளந்து தரும் மருந்து வேறு. போதைக்காக உட்கொள்வது வேறு. நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹு விதி.

சகோதரர்களே! அடுத்த முறை அப்பெரியவரைத் தனியே அனுப்பாதீர்கள். உடன் சென்று அவருடைய வலியை மருத்துவரிடம் எடுத்துரையுங்கள். மாத மருந்துக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுவோம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.